கால் ஆடுகிறது, தொண்டை அடைக்கிறது: ஸ்காண்டிநேவிய மின்னிசைக்கு ஓர் அறிமுகம்

முதலில் ஒரே பாட்டை இரண்டு விதமாகக் கேட்டுப் பாருங்கள். பாட்டின் பெயர் 'டான்சிங் ஆன் மை ஓன்'. கேலம் ஸ்காட் என்ற இங்கிலாந்துப் பாடகர் 2015-இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் இதைப் பாடிப் பேர் வாங்கினார். அடுத்த ஆண்டு பியானோவோடு மெதுவாகப் பதிவுசெய்து வெளியிட்டார். நிறையப் பேருக்கு அந்த வடிவம்தான் தெரியும். அதைக் கேட்டு முடித்த கையோடு மூலப் பாட்டைப் போடுங்கள். சுவீடன் பாடகி ராபின் 2010-இல் வெளியிட்டது அது.

மெட்டு அதேதான். கதையும் அதேதான்: தன்னை விட்டுப் போனவன் புதியவளோடு நடன விடுதிக்கு வந்திருக்கிறான் என்று கேள்விப்படுகிறாள். போகக்கூடாது என்று தெரிந்தும் போகிறாள். ஒரு மூலையில் நின்று அவர்கள் முத்தமிடுவதைப் பார்க்கிறாள். அவன் கண்ணில் இவள் படவே இல்லை. தரையெல்லாம் உடைந்த பாட்டில் சில்லுகள், அதற்கு நடுவே ஹீல்ஸ் போட்ட கால்களோடு தனியாக ஆடுகிறாள்.

பியானோ வடிவத்தில் இந்தக் கதையைக் கேட்டால் அவள் வீட்டுக்கு வந்து படுக்கையில் உட்கார்ந்து நடந்ததைச் சொல்வதுபோல இருக்கும். அதுவும் அழகுதான். ராபினின் வடிவத்தில் அவள் இன்னும் அந்த விடுதியிலேயே இருக்கிறாள். முதல் நொடியிலேயே சிந்தசைசரில், அதாவது மின்னணு முறையில் ஒலி எழுப்பும் கருவியில், ஒரு தடித்த பேஸ், அதாவது அடிமட்டத் தாழ்ந்த ஒலி, துடிக்க ஆரம்பித்துவிடுகிறது. அந்தத் துடிப்புக்கு அவள் மனசு உடைந்ததைப் பற்றி எந்த அக்கறையும் இல்லை. நிமிடத்துக்குச் சுமார் 117 அடி என்று அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே போகிறது. அவள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

இந்த வகை இசையில் புரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான். பீட்டும் குரலும் இரண்டு வேறு ஆட்கள். பீட்டுக்குத் துக்கம் கிடையாது, குரலுக்கு நிம்மதி கிடையாது. இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டால் காலுக்கு ஆடத் தோன்றும், தொண்டை அடைக்கும், இரண்டும் ஒரே நொடியில் நடக்கும்.

ஸ்காண்டிநேவியா என்று இங்கே சொல்வது சுவீடன், நார்வே, டென்மார்க் மூன்றையும்தான். அங்கிருந்து வரும் நடன இசை எல்லாமே இப்படி இருக்காது. அவிச்சியும் ஸ்வீடிஷ் ஹவுஸ் மாஃபியாவும் சுவீடன்காரர்கள்தான். அவர்களுடைய இசை பெரிய மைதானத்தில் பல்லாயிரம் பேர் கையைத் தூக்கிக் குதிப்பதற்கானது. நான் சொல்லவருவது கொஞ்சம் இருட்டான, உள்ளே போய்க் குத்துகிற இன்னொரு கிளை. இதற்கென்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு பெயர் இல்லை. எலக்ட்ரோபாப் என்பார்கள், சிந்த்பாப் என்பார்கள், டெக்னோ பக்கமாகவும் கொஞ்சம் சாயும். பெயரைவிட அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் கேட்கும்போதே நமக்குப் பிடிபட்டுவிடும்.

சரி, பீட்டிலிருந்து தொடங்கலாம். நடன இசையில் அடிப்படைத் தாளம் ரொம்ப எளிது. ஒரு சுற்றுக்கு நாலு அடி, நாலிலும் கிக் டிரம், அதாவது கனத்த ஒலியுள்ள பெரிய டிரம், விழும். தும், தும், தும், தும். நிமிடத்துக்கு 120 என்றால் அரை நொடிக்கு ஒன்று. மாடிப்படி ஏறி வந்தவுடன் நெஞ்சு அடிப்பதும் ஏறக்குறைய இந்த வேகம்தான். நம் ஊர்த் தாளங்களில் வளர்ந்த காதுக்கு இது முதலில் மொட்டையாகத் தெரியும். தீர்மானம் இல்லை, நடை மாற்றம் இல்லை, இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அந்த மாறாத்தன்மைதான் இதில் இருக்கும் விஷயம். மெதுவான சோகப் பாட்டில் பாடகர் ஒரு சொல்லை இழுத்தால் பியானோ காத்திருக்கும். குரல் தழுதழுத்தால் தாளம் இறங்கிக் கொடுக்கும். இங்கே யாரும் காத்திருப்பதில்லை. குரல் எவ்வளவு உடைந்தாலும் அரை நொடிக்கு ஒரு அடி விழுந்தே தீரும்.

அப்புறம் ஒரு ஸ்டுடியோ வித்தை. சைட்செயின் என்பார்கள். கம்ப்ரஸர் என்பது, சத்தம் ஓர் அளவைத் தாண்டினால் தானாகவே அதை அமுக்குகிற கருவி. வழக்கமாக ஒரு வாத்தியத்தின் சத்தத்தைப் பார்த்து அதே வாத்தியத்தை அமுக்கும். சைட்செயினில் கிக் டிரம்மைப் பார்த்து சிந்தசைசரை அமுக்கச் சொல்வார்கள். கிக் விழுந்த நொடியில் மற்ற ஒலிகள் எல்லாம் சட்டென்று உள்ளே இறங்கும், அடி முடிந்ததும் மெல்ல மேலே வரும், அடுத்த அடிக்கு மறுபடி இறங்கும். கேட்கிறவருக்கு இசையே மூச்சு வாங்குவதுபோல இருக்கும். ஓடிக் களைத்த ஒருவர் பக்கத்தில் நிற்பதுபோல. நடன இசையில் எல்லா நாட்டிலும் இது உண்டு. சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிப்பதைக் கார்ட் என்பார்கள். சிந்தசைசரில் ஒரு சோகமான கார்ட் நீளமாக ஒலித்துக்கொண்டிருக்கும்போது இதைச் செய்தால் அந்தக் கார்டே விம்முவதுபோல ஆகிவிடும்.

சோகமான கார்ட் என்றால் மைனர்தானே என்று கேட்கலாம். பெரும்பாலும் ஆமாம். மேற்கத்திய இயல்பு மைனர் ஸ்கேலின் ஸ்வரங்கள் நமக்கு நடபைரவி. அதில் நிஷாதத்தை மட்டும் உயர்த்தினால் கீரவாணி, அதை அவர்கள் ஹார்மோனிக் மைனர் என்கிறார்கள். ஆகவே ஸ்வரங்கள் நம் காதுக்குப் புதிதல்ல. ஆனால் மைனரால்தான் சோகம் வருகிறது என்று நினைத்தால் பாதிதான் சரி. 'டான்சிங் ஆன் மை ஓன்' மேஜரில் அமைந்த பாட்டு. நம் கணக்கில் சங்கராபரணம். கல்யாண வீட்டில் வாசித்தாலும் பொருந்துகிற ஸ்வரங்கள் அவை. அதை வைத்துக்கொண்டு இவ்வளவு வலியைச் சொல்ல முடிந்தது எப்படி?

இந்த வகைப் பாட்டுகளில் அடிக்கடி கையாளும் ஒரு வழி, வீட்டுக்குப் போகாமல் இருப்பது. ஒவ்வொரு ஸ்கேலிலும் ஒரு வீடு உண்டு, நாம் ஷட்ஜம் என்று சொல்லும் இடம். அந்தக் கார்டில் வந்து உட்கார்ந்தால் காதுக்கு நிம்மதி. கோரஸை, அதாவது நம் பல்லவிபோலத் திரும்பி வரும் பகுதியை, வீட்டிலிருந்து தொடங்காமல் ஸ்கேலின் நான்காவது ஸ்வரத்திலோ ஆறாவது ஸ்வரத்திலோ அமைந்த கார்டில் தொடங்கி, வாசல்வரை வந்து வந்து திரும்பிப் போனால் காது ஏங்கிக்கொண்டே இருக்கும். இதை ராகமாகப் பாடிக் காட்டினால் சட்டென்று புரியாது, ஏனென்றால் நம் இசையில் கார்டுகள் நகர்வதில்லை, சுருதி ஒரே இடத்தில் நிற்கிறது. அதனால் கேட்கும்போது மெட்டை விட்டுவிட்டு அடியில் பேஸ் எங்கே போகிறது என்று மட்டும் கவனியுங்கள். அது உட்காராமல் அலைவது தெரியும்.

கட்டமைப்பிலும் இந்த ஏக்கம் உண்டு. சுவீடன் தயாரிப்பாளர் கிளேருப்பும் ராபினும் சேர்ந்து செய்த 'வித் எவ்ரி ஹார்ட்பீட்' 2007-இல் பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. முதலிடம் பிடிக்கும் பாப் பாட்டில் கோரஸ் சீக்கிரம் வரவேண்டும், திரும்பத் திரும்ப வரவேண்டும் என்பது எழுதாத விதி. இதில் கோரஸ் வரும் வரும் என்று காத்திருப்போம். வராது. நடுவில் பீட் நின்றுபோய் வயலின்கள் மட்டும் தனியாக ஒலிக்கும். அதற்குப் பிறகுதான், பாட்டு முடியப்போகும் நேரத்தில், ஒரே ஒரு வாக்கியத்தை ராபின் திரும்பத் திரும்பப் பாட ஆரம்பிப்பார். ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் வலிக்கிறது என்பதுதான் அதன் பொருள். வயலின் பகுதிக்குப் பின்னால் பீட் திரும்பி வரும் இடத்தை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் உடம்பு சிலிர்க்கிறது.

இவ்வளவு நேரம் ராபினைப் பற்றியே பேசிவிட்டேன். அவரிடம் வெளிச்சம் கொஞ்சம் இருக்கிறது, அதனால் முதல் படிக்கு அவர்தான் சரி. நிஜமான இருட்டு வேண்டுமென்றால் தி நைஃப்பிடம் போகவேண்டும்.

தி நைஃப் என்பது கரின் டிரையர், ஊலோஃப் டிரையர் என்ற உடன்பிறந்தவர்கள் இருவர். சுவீடனின் கோத்தன்பர்க் நகரத்தவர்கள். 2014-இல் பிரியும்வரை சேர்ந்து இயங்கினார்கள். முகத்தைப் படம் எடுக்க எளிதில் விடமாட்டார்கள். விளம்பரப் படங்களில் பறவை அலகுபோல நீண்ட மூக்கு வைத்த முகமூடியோடு நின்றார்கள். 2006-இல் வந்த 'சைலன்ட் ஷவுட்' என்ற ஆல்பம்தான் அவர்களுடைய உச்சம் என்பது என் கருத்து. தலைப்புப் பாட்டு ஒரு மந்தமான கிக்கோடு தொடங்குகிறது. அதன்மேல் சின்னச் சின்ன சிந்தசைசர் ஸ்வரங்கள் மணி உருள்வதுபோல ஏறி ஏறி வருகின்றன. ஒரு கார்டின் ஸ்வரங்களை ஒரே நேரத்தில் அமுக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடுவதற்கு ஆர்பெஜியோ என்று பெயர். பிறகு குரல் வருகிறது. வரும்போது முதுகில் ஏதோ ஊர்வதுபோல இருக்கும்.

அது ஏன் என்று பார்க்கலாம். கரினின் குரலை அவர்கள் பிட்ச் ஷிஃப்ட் செய்திருக்கிறார்கள், அதாவது கருவியால் சுருதியைக் கீழே இறக்கியோ மேலே ஏற்றியோ இருக்கிறார்கள். இயல்பாக ஒருவர் தாழ்ந்த ஸ்வரத்தில் பாடினால், ஸ்வரம் மட்டும்தான் இறங்கும். அவருடைய தொண்டையும் வாயும் அதே அளவில்தான் இருக்கின்றன, அவை குரலுக்குத் தரும் நிறமும், அதாவது இது இன்னார் குரல் என்று காட்டும் தன்மையும், பெரிதாக மாறாது. அதனால் தாழப் பாடினாலும் அவர்தான் பாடுகிறார் என்று நமக்குத் தெரிகிறது. கருவியால் மொத்த ஒலியையும் இறக்கும்போது அந்த நிறமும் சேர்ந்து இறங்குகிறது. காது என்ன நினைக்கிறது? இந்தத் தொண்டை மனிதத் தொண்டையைவிடப் பெரியது என்று நினைக்கிறது. ஆணா பெண்ணா என்று தெரியாத, வயது தெரியாத ஏதோ ஒன்று நம்மிடம் ரகசியம் சொல்கிறது. அதே வரியைக் கரினின் மேல்குரலும் சேர்ந்து பாடும்போது ஒரே மனதுக்குள் இரண்டு பேர் இருப்பதுபோல ஆகிவிடுகிறது. பயம் என்ற உணர்ச்சியை வரிகளில் சொல்லாமல் குரலின் அளவிலேயே சொல்கிறார்கள். நான் இந்த இசையில் விழுந்ததே இந்த இடத்தில்தான்.

கரினின் குரலை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. 2013-இல் தொடங்கிய 'வைக்கிங்ஸ்' தொடரின் தலைப்பு இசை அவருடையது. ஃபீவர் ரே என்ற பெயரில் தனியாக 2009-இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு அது. ஆடுகிற பாட்டு இல்லை. அடியில் சுருதிப் பெட்டிபோல ஒரே ஒலி நின்று முனகிக்கொண்டிருக்க, இறக்கிய குரல் அதன்மேல் மெதுவாக நடக்கும்.

ராபினும் கேலம் ஸ்காட்டும் பாடியதுபோல, ஒரே பாட்டின் இரண்டு வடிவங்கள் தி நைஃப்பிலும் உண்டு. 2003-இன் 'டீப் கட்ஸ்' ஆல்பத்தில் வந்த 'ஹார்ட்பீட்ஸ்' என்ற பாட்டை, அதே கோத்தன்பர்க்கைச் சேர்ந்த ஹோசே கொன்சாலஸ் ஒற்றை கிடாரோடு பாடினார். சான் ஃபிரான்சிஸ்கோவின் சரிவான தெருக்களில் ஆயிரக்கணக்கான வண்ணப் பந்துகள் துள்ளி இறங்கும் 2005-இன் தொலைக்காட்சிப் பெட்டி விளம்பரம் நினைவிருக்கிறதா? அதில் ஒலித்தது அந்தக் கிடார் வடிவம்தான். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள்.

நார்வே பக்கம் வந்தால் ரொய்க்சொப். ஸ்வேய்ன் பெர்கே, டோர்பியோர்ன் ப்ரூன்ட்லாண்ட் என்ற இரண்டு நண்பர்கள். தொட்டால் புகைபோலப் பொடி கிளம்பும் ஒரு வகைக் காளானுக்கு நார்வே மொழியில் அந்தப் பெயர். இருவரும் ட்ரொம்சோ என்ற ஊர்க்காரர்கள். ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, கிட்டத்தட்ட 70 பாகை அட்சரேகையில் இருக்கிறது அந்த ஊர். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை அங்கே சூரியன் தொடுவானத்துக்கு மேல் வருவதே இல்லை. நடுப்பகலில் சில மணி நேரம் நீலமாக ஒரு வெளிச்சம் வரும், அவ்வளவுதான்.

இந்த இசையைப் பற்றி எழுதுகிற எல்லோரும் உடனே இந்த இருட்டைக் காரணம் காட்டிவிடுவார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அதே ட்ரொம்சோவில் மே கடைசியிலிருந்து ஜூலை கடைசிவரை சூரியன் மறைவதும் இல்லை. அப்படியானால் அங்கிருந்து இரண்டு மாதம் குதூகல இசையும் வந்திருக்க வேண்டும். குளிரும் இருட்டும் உள்ள எல்லா ஊரிலும் இந்த இசை பிறக்கவும் இல்லை. சுவீடன், நார்வே மொழிகளில் வேமூட் என்று ஒரு சொல் உண்டு. போனது போய்விட்டது என்று தெரிந்த பிறகு மனதில் தங்கும் மெல்லிய வருத்தம் என்று சொல்லலாம். அழுகை அளவுக்கு வராது, இனிப்பும் கொஞ்சம் கலந்திருக்கும். அவர்களுடைய நாட்டுப்புற மெட்டுகளில் நிறைய மைனரில்தான் ஓடுகின்றன. எழுபதுகளின் சுவீடன் பாப் இசையிலும் குதிக்கிற தாளத்துக்கு அடியில் இந்த வருத்தம் இருந்தது. அதோடு, சுவீடனில் நகராட்சிகளே குழந்தைகளுக்கு இசைப் பள்ளிகள் நடத்துகின்றன. வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு வாத்தியம் கையில் கிடைத்துவிடுகிறது. தொண்ணூறுகளில் ஸ்டாக்ஹோமின் செய்ரான் ஸ்டுடியோ உலகத்துக்கே பாப் பாட்டு தயாரித்துக் கொடுத்தது. ராபினை முதலில் உலக அளவில் தெரியவைத்த பாட்டுகள் அங்கே உருவானவைதான், அப்போது அவருக்குப் பதின்ம வயது. பிறகு அந்தப் பாதை பிடிக்காமல் 2005-இல் கொனிச்சிவா ரெக்கார்ட்ஸ் என்று சொந்த நிறுவனம் தொடங்கினார். அந்த ஆண்டு வெளியிட்ட ஆல்பத்தில் ஒரு பாட்டைத் தி நைஃப்போடு சேர்ந்து செய்தார். மெட்டுக் கட்டும் கைத்திறன் ஒரு பக்கம், முகமூடி போட்ட இருட்டு இன்னொரு பக்கம், இரண்டும் அங்கே சந்தித்தன. வானிலையைவிட இந்த மாதிரிச் சந்திப்புகள்தான் இந்த இசையை உருவாக்கின என்று நினைக்கிறேன்.

ரொய்க்சொப்பின் 2005 ஆல்பத்தில் 'வாட் எல்ஸ் இஸ் தேர்?' என்று ஒரு பாட்டு. பாடியது கரின் டிரையர். இந்தக் கட்டுரையில் வரும் எல்லோரும் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பின்னிக்கிடக்கிறார்கள் என்று பாருங்கள். அதில் கவனிக்க வேண்டியது இடவெளி. ரீவெர்ப் என்பது ஒலி சுவரில் பட்டுத் திரும்பிவரும் எதிரொலித் தேய்வு. குளியலறையில் பாடினால் குரல் மினுமினுப்பதும், காலியான மண்டபத்தில் கைதட்டினால் சத்தம் நீண்டு தேய்வதும் அதுதான். கருவியால் எந்த ஒலியையும் எந்த அளவு மண்டபத்திலும் நிறுத்தலாம். டிரம்முக்கு ரீவெர்ப் குறைவாகவும் மற்றவற்றுக்கு நிறையவும் வைத்தால், தாளம் காதோரம் இருக்கும், மற்றதெல்லாம் எங்கோ தூரத்தில் பனிமூட்டத்துக்குள் இருக்கும். தனிமை என்று வாய்விட்டுச் சொல்லவே தேவையில்லை.

ஃபில்டர் பற்றியும் ஒரு வார்த்தை. பக்கத்துத் தெருக் கல்யாண மண்டபத்தில் பாட்டுக் கச்சேரி நடந்தால் நம் வீட்டுக்குள் தும் தும் என்பது மட்டும்தான் கேட்கும். மேல் ஒலிகளைச் சுவர் தடுத்துவிடுகிறது. ஃபில்டர் செய்வதும் அதேதான். சிந்தசைசர் ஒலியை முதலில் சுவருக்கு அந்தப்பக்கம் வைத்திருந்து, அரை நிமிடத்துக்கும் மேலாகக் கதவை மெல்ல மெல்லத் திறப்பார்கள். ஒரே நாலு ஸ்வரம்தானே ஓடுகிறது என்று சலிப்புத் தட்டினால், ஸ்வரத்தை விட்டுவிட்டு அந்தக் கதவைக் கவனியுங்கள்.

வரிகளே வேண்டாம் என்பவர்களுக்கு டென்மார்க்கின் ஆண்டர்ஸ் ட்ரென்டெமொல்லர். 2006-இல் வந்த 'தி லாஸ்ட் ரிசார்ட்' ஆல்பத்தைப் பின்னிரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கவேண்டும்.

கேட்கும் முறையில் ஒன்றைக் கட்டாயமாகச் சொல்வேன்: செல்போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். கிக் டிரம்மின் அடி ஒலி 50, 60 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். செல்போனின் சின்ன ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டத்தட்ட எதுவுமே வராது. நான் இவ்வளவு நேரம் சொன்ன இரண்டு ஆட்களில் ஒருவர் வரவே மாட்டார், குரல் மட்டும் தனியாகப் புலம்பிக்கொண்டிருக்கும். சாதாரண இயர்போன் போதும். காதில் சரியாகப் பொருந்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் பேஸ் எல்லாம் கசிந்துவிடும். முதல் முறை சும்மா கேளுங்கள். இரண்டாம் முறை அடியில் இருக்கும் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். மூன்றாம் முறை குரலோடு போங்கள், தானாகவே இரண்டும் சேர்ந்து கேட்கும். பாதியில் தாவாதீர்கள். ரொய்க்சொப்பும் ராபினும் சேர்ந்து 2014-இல் செய்த 'மான்யுமென்ட்' ஏறக்குறைய பத்து நிமிடம். முதல் மூன்று நிமிடத்தில் நிறுத்தினால் பிற்பாதியில் வரும் சாக்ஸஃபோன் கிடைக்காது.

ஒரு நாளில் எல்லாவற்றையும் கேட்டுத் தீர்க்கவும் வேண்டாம். ராபின் ஒரு வாரம் இருக்கட்டும். தி நைஃப்பை அவசரமாகக் கேட்டால் விசித்திரமாகத்தான் தெரியும், எனக்கும் முதல் இரண்டு முறை அப்படித்தான் இருந்தது.

2019 மார்ச்சில் ராபின் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பாடினார். நிகழ்ச்சி முடிந்து கூட்டம் கீழே இருக்கும் சுரங்க ரயில் நிலையத்துக்கு இறங்கியது. நடைமேடை நிரம்பி வழிந்தது. அங்கே யாரோ 'டான்சிங் ஆன் மை ஓன்' பாட, மொத்த நடைமேடையும் சேர்ந்துகொண்டது. ஒருவரையொருவர் தெரியாதவர்கள், கையில் போனை உயர்த்திப் பிடித்தபடி, நான் தனியாகத்தான் ஆடுகிறேன் என்று உரக்கப் பாடுகிறார்கள். இணையத்தில் அந்தக் காணொளி இன்னும் இருக்கிறது. பாட்டை இரண்டு மூன்று நாள் கேட்ட பிறகு அதைப் பாருங்கள்.